மூன்று நாள் முகாம், எட்டுப் பேர் சமையல்

புனே நகரில் கட்கி என்று ஒரு பகுதி உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் அதைக் கிர்கி என்று அழைத்தார்கள். அங்கே ராணுவத் தளம் இருக்கிறது. 1869-ஆம் ஆண்டில் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருக்கிறது. வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாகக் கட்கியில் வாழ்கின்றன.

சாரணர் இயக்கத்தின் வரலாற்றில் கட்கிக்கு ஓர் இடம் உண்டு. இந்தியாவில் முதல் சாரணர் படை 1909-இல் பெங்களூரில் தொடங்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கட்கி, சென்னை, ஜபல்பூர், சிம்லா முதலிய ஊர்களிலும் படைகள் தொடங்கின. ஆனால் அந்தப் படைகளில் ஐரோப்பியப் பிள்ளைகளும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளும் மட்டுமே சேர முடிந்தது. இந்தியப் பிள்ளைகளுக்கு இடம் இல்லை.

இந்த நிலை மெல்ல மாறியது. 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார். மதன் மோகன் மாளவியா முதலிய தலைவர்கள் வடக்கே அலகாபாத்தில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். நாடு விடுதலை அடைந்த பிறகு, 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி, சாரணர் சங்கங்கள் ஒன்றாக இணைந்தன. அதுதான் பாரத சாரணர் சாரணியர் இயக்கம். 1951-இல் பெண் பிள்ளைகளின் சங்கமும் இதில் சேர்ந்தது.

புனேவில் இன்னொரு சிறப்பும் உண்டு. உலகச் சாரணியர் இயக்கத்துக்கு உலகம் முழுவதும் ஐந்து மையங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று புனேவில் இருக்கிறது. அதன் பெயர் சங்கம். 1966-இல் அது திறக்கப்பட்டது. பல நாட்டுப் பெண்கள் அங்கே வந்து தங்கிப் பழகுகிறார்கள்.

இன்று எந்தச் சாதி, எந்த மதம், எந்த மொழிப் பிள்ளையும் சாரணர் ஆகலாம். சாரணரின் சொல் இதுதான்: தயாராக இரு.

முகாம் என்றால் என்ன?

பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே போய், கூடாரம் போட்டுத் தங்குவார்கள். தங்கள் வேலையைத் தாங்களே செய்வார்கள். தாங்களே சமைப்பார்கள். இதுதான் முகாம்.

சாரணர் இயக்கமே ஒரு முகாமில்தான் பிறந்தது. பேடன் பவல் என்ற ராணுவ அதிகாரி, 1907 ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தில் ஒரு தீவில் முதல் முகாம் நடத்தினார். சுமார் 20 சிறுவர்கள் அதில் இருந்தார்கள். சிலர் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். சிலர் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். அவர் அவர்களைக் கலந்து, நான்கு அணிகளாகப் பிரித்தார். இன்றும் சாரணர் படையில் அணிகள் உண்டு. ஓர் அணியில் ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் வரை இருப்பார்கள்.

தமிழ்நாட்டிலும் பெரிய முகாம் நடந்தது. 2025 ஜனவரி கடைசியில், திருச்சி மாவட்டம் மணப்பாறையில், பாரத சாரணர் இயக்கத்தின் வைர விழா முகாம் நடந்தது. பல மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்தார்கள்.

முகாம் என்றதும் பெற்றோருக்கு ஒரு கவலை வரும். "பிள்ளை என்ன சாப்பிடும்? எந்தத் தண்ணீரைக் குடிக்கும்?" இது நியாயமான கவலை. முகாமில் பிள்ளைகளுக்கு வரும் தொல்லைகளில் பல, கெட்டுப்போன சாப்பாட்டாலும் அழுக்குத் தண்ணீராலும் வருபவை. இவற்றைத் தடுக்க முடியும். அடுப்பு மூட்டுவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து, தாளில் எழுதிக் கணக்குப் போட வேண்டும். எத்தனை பேர், எத்தனை வேளை, எவ்வளவு பொருள், எந்தத் தண்ணீர் என்று எழுத வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது

ஒரு சாரணர் படையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். படையில் மூன்று அணிகள். ஓர் அணிக்கு 7 பிள்ளைகள். ஒவ்வோர் அணியோடும் பெரியவர் ஒருவர் சாப்பிடுவார். ஆக, ஓர் அணிக்கு 8 பேர். மொத்தம் 24 பேர். வெள்ளிக்கிழமை மாலை போய், ஞாயிறு மாலை திரும்ப வேண்டும்.

முதல் வேலை பெற்றோர் கூட்டம். சாரண ஆசிரியர் பெற்றோரை உட்கார வைத்துக் கேட்க வேண்டும். பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது? என்ன மருந்து சாப்பிடுகிறது? வீட்டில் எதைச் சாப்பிடுவதில்லை?

இப்படிப்பட்ட கூட்டத்தில் பேச்சு இப்படி நடக்கும்:

"சார், என் பையனுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது. சாப்பிட்டா உதடு வீங்கிடும்" என்கிறார் ஒரு தாய்.

"நல்ல வேளை, இப்பவே சொன்னீங்கம்மா. அப்படின்னா முகாம்ல யாருக்குமே வேர்க்கடலை வேண்டாம். பொட்டுக்கடலை வாங்கிடலாம்" என்கிறார் ஆசிரியர். உடனே அதைத் தாளில் எழுதிக்கொள்கிறார்.

புனே பக்கம் அவல் உப்புமாவிலும், கிச்சடியிலும், சட்னியிலும் வேர்க்கடலை போடுவது வழக்கம். கேட்காமல் விட்டிருந்தால் அந்தப் பையனுக்கு ஆபத்து வந்திருக்கும்.

ஒரு வீட்டில் வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார்கள். இன்னொரு வீட்டில் ஹலால் கறி மட்டும் சாப்பிடுவார்கள். இன்னொரு பிள்ளை சனிக்கிழமை விரதம். எல்லாவற்றையும் எழுத வேண்டும். எல்லாரும் சாப்பிடக்கூடிய சாப்பாட்டை எல்லாருக்கும் சமைப்பது நல்லது. மூன்று நாள் கறி, மீன் இல்லாமல் இருந்தால் குறை ஒன்றும் இல்லை. குளிர்பெட்டி இல்லாத இடத்தில் கறியும் மீனும் சீக்கிரம் கெட்டுவிடும். வெங்காயம் வேண்டாதவருக்கு, வெங்காயம் போடும் முன்பே ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்கலாம். விரதம் இருக்கும் பிள்ளைக்குப் பழமும் ஜவ்வரிசியும் கொண்டு போகலாம்.

ஒரு பாட்டி கேட்கிறார்: "யாரு சமைக்கிறாங்கன்னு தெரியாம என் பேரன் எப்படிப்பா சாப்பிடுவான்?"

ஆசிரியர் பணிவாகச் சொல்கிறார்: "பாட்டி, உங்க பேரனும் சமைப்பான். அவன் சமைச்சதை மத்தப் பிள்ளைங்க சாப்பிடுவாங்க. மத்தவங்க சமைச்சதை அவன் சாப்பிடுவான். எல்லாருக்கும் ஒரே பந்திதான்."

ஒரு காலத்தில் கட்கியின் சாரணர் படையில் இந்தியப் பிள்ளைகளையே சேர்க்கவில்லை. இன்று சேர்ந்த பிள்ளைகளுக்குள் சாப்பாட்டில் பிரிவு வந்தால், அந்தப் பழைய குறை வேறு வடிவில் திரும்பி வந்ததாகும்.

ஓர் அப்பா கேட்கிறார்: "ஆம்பளப் பிள்ளைக்குச் சமையல் எதுக்கு சார்?"

"அண்ணே, நீங்க புனேக்கு வேலைக்கு வந்த புதுசுல யாரு சமைச்சுப் போட்டாங்க?"

அப்பா சிரிக்கிறார். "நானேதான் சார் பொங்கித் தின்னேன்."

எந்தச் சாப்பாடு, எந்த வேளை?

முகாமில் ஆறு வேளை சாப்பாடு உண்டு. இரண்டு மாலைச் சிற்றுண்டி உண்டு. பட்டியல் இப்படி இருக்கலாம்:

வெள்ளி இரவு: வீட்டிலிருந்து கட்டிக் கொண்டு வந்த புளியோதரை அல்லது சப்பாத்தி.
சனி காலை: அவல் உப்புமா, வாழைப்பழம், டீ.
சனி மதியம்: சோறு, பருப்பு, காய்.
சனி மாலை: பொட்டுக்கடலை, வெல்லம்.
சனி இரவு: கிச்சடி, சுட்ட அப்பளம்.
ஞாயிறு காலை: ரவை உப்புமா, டீ.
ஞாயிறு மதியம்: சோறு, பிட்லா.
ஞாயிறு மாலை: திரும்பும் வழியில் பழம்.

இந்தப் பட்டியலுக்குக் காரணங்கள் உண்டு. முதல் நாள் மாலை கூடாரம் போடவே நேரம் போதாது. இருட்டில் புதிய இடத்தில் சமைப்பது கடினம். அதனால் அன்று கட்டுச்சோறு. மத்தியானம் சமைத்துக் கட்டினால் இரவுக்குள் கெட்டுவிடலாம். கிளம்புவதற்குச் சற்று முன்பு செய்து, நன்றாக ஆறிய பிறகு கட்ட வேண்டும். தயிர், தேங்காய்ச் சட்னி, முட்டை வேண்டாம்.

சனி இரவு பிள்ளைகள் நடந்து களைத்திருப்பார்கள். கிச்சடி ஒரே பாத்திரத்தில் வேகும். கழுவ வேண்டிய பாத்திரமும் குறையும்.

பிட்லா என்பது மராட்டிய நாட்டுச் சாப்பாடு. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, தாளித்த வெங்காயம் மிளகாயில் ஊற்றிக் கெட்டியாகக் கிளறுவார்கள். சோள ரொட்டியோடு சாப்பிடுவார்கள். அந்த ரொட்டிக்குப் பாக்ரி என்று பெயர். புனேவுக்குத் தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் சிம்மகட் கோட்டை இருக்கிறது. அங்கே ஏறிப் போகிறவர்கள் பிட்லா பாக்ரியும் மண்சட்டித் தயிரும் வாங்கிச் சாப்பிடுவது வழக்கம். பிட்லாவுக்குக் காய் வேண்டாம். அதனால் கடைசி நாளுக்கு ஏற்றது.

கணக்குப் போடுவது எப்படி?

"கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று வாங்கினால் பணம் வீண். குறைத்து வாங்கினால் பிள்ளைகள் பட்டினி. அளவுக்கு ஒரு வழி உண்டு. பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அரசு அளவு வைத்திருக்கிறது. அரிசி அல்லது கோதுமை 150 கிராம். பருப்பு 30 கிராம். காய்கறி 75 கிராம். இதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம்.

ஓர் அணியில் 8 பேர். மதியச் சோற்றுக்கு:

அரிசி: 150 × 8 = 1,200 கிராம். அதாவது 1 கிலோ 200 கிராம்.
பருப்பு: 30 × 8 = 240 கிராம்.
காய்கறி: 75 × 8 = 600 கிராம்.

முகாமில் பிள்ளைகள் ஓடி ஆடி, மலை ஏறி இறங்குவார்கள். பசி அதிகமாக இருக்கும். அதனால் கால் பங்கு கூட்ட வேண்டும். 1,200-இல் கால் பங்கு 300. ஆக, அரிசி 1,500 கிராம். அதாவது ஒன்றரைக் கிலோ. பருப்பு 300 கிராம். காய்கறி 750 கிராம்.

கிச்சடிக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசியும் 50 கிராம் பாசிப்பருப்பும் போதும். 8 பேருக்கு அரிசி 800 கிராம், பாசிப்பருப்பு 400 கிராம். உப்புமாவுக்கு ஆளுக்கு 75 கிராம் அவல் அல்லது ரவை. பிட்லாவுக்கு ஆளுக்கு 40 கிராம் கடலை மாவு.

இப்போது அரிசியை மட்டும் கூட்டிப் பார்க்கலாம்:

சனி மதியம்: 1 கிலோ 500 கிராம்
சனி இரவு: 800 கிராம்
ஞாயிறு மதியம்: 1 கிலோ 500 கிராம்
மொத்தம்: 3 கிலோ 800 கிராம்

ஓர் அணி கடைக்குக் கொண்டு போகும் சீட்டு இப்படி இருக்கும்:

அரிசி: 3 கிலோ 800 கிராம்
துவரம்பருப்பு: 300 கிராம்
பாசிப்பருப்பு: 400 கிராம்
அவல்: 600 கிராம்
ரவை: 600 கிராம்
கடலை மாவு: 320 கிராம்
காய்கறி, வெங்காயம், தக்காளி: ஒன்றரைக் கிலோ
எண்ணெய்: அரை லிட்டர்
பொட்டுக்கடலை: 400 கிராம்
வெல்லம்: 250 கிராம்
அப்பளம், உப்பு, மிளகாய், மஞ்சள்தூள், புளி, கடுகு, டீத்தூள், சர்க்கரை: தேவைக்கு
வாழைப்பழம்: 16

மூன்று அணிக்கும் சேர்த்து வாங்கினால், ஒவ்வோர் அளவையும் மூன்றால் பெருக்க வேண்டும். அரிசி 11 கிலோ 400 கிராம் வரும்.

ஒவ்வொரு வேளைப் பொருளையும் தனித்தனிப் பையில் கட்ட வேண்டும். பையின் மேல் "சனி காலை", "சனி மதியம்" என்று எழுதி ஒட்ட வேண்டும். அப்படிச் செய்தால் எந்தப் பிள்ளையும் தேட வேண்டியதில்லை. ஒரு வேளைக்கு உள்ள பொருளை இன்னொரு வேளையில் தீர்த்துவிடவும் முடியாது.

பணக் கணக்கும் வேண்டும்

பெற்றோர் கொடுக்கும் பணம் உழைத்துச் சேர்த்த பணம். அதற்குக் கணக்கு வேண்டும். ஒரு நோட்டில் இடது பக்கம் வரவு எழுத வேண்டும். வலது பக்கம் செலவு எழுத வேண்டும். கடைச் சீட்டுகளை அதே நோட்டில் ஒட்ட வேண்டும்.

விலை மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குப் பழகுவதற்காக ஒரு விலையை எடுத்துக்கொள்ளலாம். அரிசி கிலோ 50 ரூபாய் என்றால், 3 கிலோ 800 கிராமுக்கு 190 ரூபாய். அதை 8 பேருக்குப் பிரித்தால், ஆளுக்கு 24 ரூபாய்க்கும் குறைவு.

பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகக் கூடாது. சில வீடுகள் பணத்துக்குப் பதில் அரிசி தரலாம். சில வீடுகள் பாத்திரம் தரலாம். யார் எவ்வளவு தந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் முன்னால் படிக்கக் கூடாது. மீதிப் பணம் எவ்வளவு, அது என்ன ஆயிற்று என்பதை மட்டும் எல்லாருக்கும் சொல்ல வேண்டும்.

இடம் பார்ப்பது

முகாமுக்கு முன்பே பெரியவர் இரண்டு பேர் இடத்தைப் போய்ப் பார்த்து வர வேண்டும். இடத்துக்குச் சொந்தக்காரரிடம், ஊராட்சியிடம் அல்லது வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வனத்துறை இடங்களில் தீ மூட்டத் தடை இருக்கலாம். அதையும் கேட்க வேண்டும்.

புனேவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். மார்ச் முதல் மே வரை வெயில். நவம்பர் முதல் பிப்ரவரி வரை முகாமுக்கு நல்ல காலம். ஆனால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் கடுமையாக இருக்கும். கம்பளி வேண்டும்.

ஆற்றுப் படுகையிலும் அணைக்குக் கீழேயும் கூடாரம் போடவே கூடாது. மேலே மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வரும். அணையையும் திறந்து விடலாம். புனே மக்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். 1961 ஜூலை 12-ஆம் தேதி பான்ஷெட் அணை உடைந்தது. அந்த வெள்ளத்தில் கீழே இருந்த கடக்வாஸ்லா அணையும் உடைந்தது. புனே நகருக்குள் வெள்ளம் புகுந்தது. ஏராளமான மக்கள் வீடு இழந்தார்கள்.

கூடாரத்துக்கு மேடான, சமமான தரை வேண்டும். பட்டுப்போன மரத்தின் கீழே போடக் கூடாது. புதர் ஓரமும் வேண்டாம். கக்கூஸ் இடம், தண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, பள்ளமான பக்கத்தில் இருக்க வேண்டும்.

தண்ணீர்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 24 பேருக்கு 120 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் எட்டுக் குடம். கை கழுவவும் பாத்திரம் கழுவவும் தனியே வேண்டும்.

தெளிவாக இருக்கும் தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் ஆகாது. ஓடை, கிணறு, அணைத் தண்ணீரைத் துணியில் வடிகட்ட வேண்டும். பிறகு கொதிக்க வைக்க வேண்டும். பெரிய குமிழிகளாகத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். பிறகு மூடி ஆற வைக்க வேண்டும். குளோரின் மாத்திரை போடுவதானால், அட்டையில் எழுதியிருக்கும் அளவைப் படித்துப் போட வேண்டும். போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். குடத்துக்குள் கையை விடக் கூடாது. நீண்ட கைப்பிடி உள்ள கரண்டியால் மொள்ள வேண்டும்.

யாருக்கு என்ன வேலை?

ஏழு பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும். அணித்தலைவர் ஒரு தாளில் எழுதிக் கூடாரத்தில் ஒட்ட வேண்டும்:

சமையல்: 2 பேர்
தண்ணீர்: 2 பேர்
விறகும் அடுப்பும்: 1 ஆள்
காய் நறுக்குதல்: 1 ஆள்
பரிமாறுதலும் கணக்கும்: 1 ஆள்

ஒவ்வொரு வேளையும் வேலை மாற வேண்டும். ஒரே பிள்ளை எப்போதும் பாத்திரம் தேய்க்கக் கூடாது. தன் தட்டைத் தானே கழுவ வேண்டும். பெரியவரும் தன் தட்டைக் கழுவ வேண்டும். குறிப்பிட்ட சாதிப் பிள்ளைக்குக் கூட்டும் வேலை, பெண் பிள்ளைக்குச் சமையல் வேலை என்று ஒதுக்குவது சாரணர் முறைக்கு விரோதம்.

அடுப்பும் சுத்தமும்

பச்சை மரத்தை வெட்டக் கூடாது. விழுந்த சுள்ளியைப் பொறுக்கலாம். அடுப்பைச் சுற்றி மூன்று மீட்டருக்குக் காய்ந்த புல், சருகு இருக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்க வேண்டும். கூடாரத்துக்குள் விறகோ, ஸ்டவ்வோ, கரியோ எரிக்கக் கூடாது. தீப்பிடிக்கும். தீப்பிடிக்காவிட்டாலும் நச்சுப் புகையால் உறக்கத்திலேயே உயிர் போகும். தளர்ந்து தொங்கும் துணி அணிந்து அடுப்பருகே போகக் கூடாது. சமையல் முடிந்ததும் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றி அணைக்க வேண்டும்.

சமைக்கும் முன்பும், சாப்பிடும் முன்பும், கக்கூஸ் போய் வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளை சமைக்கக் கூடாது. சமைத்ததைச் சூடாக உடனே சாப்பிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த சாப்பாட்டை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது. கெட்ட வாடை வராத சோற்றிலும் நோய்க் கிருமி வளர்ந்திருக்கும்.

தீக்காயம் பட்டால் சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் ஊற்ற வேண்டும். பற்பசை, மை, மாவு எதையும் பூசக் கூடாது.

வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டர். சர்க்கரை ஆறு டீஸ்பூன். உப்பு அரை டீஸ்பூன். ஸ்பூனில் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் கெடுதல். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கத் தர வேண்டும். பிள்ளை சோர்ந்து விழுந்தாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். மகாராஷ்டிரத்தில் 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். தமிழ்நாட்டிலும் அதே எண்தான்.

கிளம்பும் நாளில் காய்த்தோலையும் சாம்பலையும் குழியில் போட்டு மூட வேண்டும். பிளாஸ்டிக் பைகளைத் திரும்பக் கொண்டு வர வேண்டும். அடுத்து வருபவர் இங்கே யாரும் தங்கியதாகவே நினைக்கக் கூடாது. அவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்.

சம்மதத் தாள்

பிள்ளையை முகாமுக்கு அனுப்பப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அதற்கு ஒரு தாள் வரும். முன்பு பலர் படிக்காமலே கைநாட்டு வைத்தார்கள். இனி அப்படி வேண்டாம். தாளில் இவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்:

1. முகாம் நடக்கும் இடம்.
2. போகும் நாள், திரும்பும் நாள், நேரம்.
3. பொறுப்பான பெரியவர் பெயர், போன் எண்.
4. எந்த வண்டியில் போகிறார்கள்?
5. கட்ட வேண்டிய பணம்.
6. சாப்பாட்டுப் பட்டியல்.
7. பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத உணவும் மருந்தும் எழுத இடம்.
8. பெண் பிள்ளைகள் என்றால், உடன் தங்கும் ஆசிரியை பெயர்.

புனேவில் தாள் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. "இதைப் படிச்சு அர்த்தம் சொல்லுங்க" என்று கேட்கலாம். சொல்வதைத் தமிழில் எழுதிக்கொள்ளலாம். இடம், தேதி, போன் எண் மூன்றையும் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டலாம். பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாததைத் தமிழில் எழுதிக் கொடுத்தாலும், ஆசிரியர் படிக்கச் செய்து தெரிந்துகொள்ள வேண்டும். புரியாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். கேள்வி கேட்பது பெற்றோரின் உரிமை. பதில் சொல்வது ஆசிரியரின் கடமை.

தன் கையால் பருப்பு வேகவைத்து, ஏழு பேருக்குப் பரிமாறிய பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் வேலையைப் புதிதாகப் பார்க்கும். தட்டில் சோற்றை மிச்சம் வைக்க யோசிக்கும்.

நினைவில் கொள்ளுங்கள்

ஒத்துக்கொள்ளாத உணவை முன்பே கேட்டு எழுத வேண்டும்.
ஆள் கணக்கில் பொருள் வாங்க வேண்டும்.
தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும்.
சமைத்ததை உடனே சாப்பிட வேண்டும்.
எல்லாரும் சமைக்க வேண்டும். எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும்.
தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

பயிற்சி

1. இந்தியாவில் முதல் சாரணர் படை எந்த ஆண்டு, எந்த ஊரில் தொடங்கியது?
2. கட்கியின் முதல் சாரணர் படையில் யார் சேர முடியவில்லை?
3. முதல் நாள் இரவு ஏன் கட்டுச்சோறு?
4. ஆற்றுப் படுகையில் ஏன் கூடாரம் போடக் கூடாது?
5. ஓர் அணியில் 6 பேர் இருந்தால், அவல் உப்புமாவுக்கு எத்தனை கிராம் அவல் வேண்டும்?
6. 10 பேருக்கு இரண்டு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்?
7. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத உணவு ஏதாவது உண்டா? எழுதுங்கள்.
8. உங்கள் குடும்பம் ஒரு நாள் சுற்றுலா போகிறது. எத்தனை பேர், எத்தனை வேளை, என்ன சாப்பாடு? பொருள் சீட்டு எழுதுங்கள். படிப்பு மையத்தில் படித்துக் காட்டுங்கள்.